தாசில்தாருக்குக் காமாலை

கொழிஞ்சாம்பாறை
8 ஜூன் 2025

அம்மிணி கமலாத்தாளுக்கு,

அண்ணன் தனபால் எழுதுகிறேன். இங்கே உன் அண்ணி மருதாத்தாள் சுகம், மகள் மௌனிகா போனும் கையுமாகச் சுகம், மாடுகளும் சுகம், தென்னையில்தான் வண்டு. மாட்டுப்பட்டிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை மோகனசுந்தரமும் எப்படி இருக்கிறீர்கள்? மாப்பிள்ளைக்கு முட்டி வலி தேவலையா?

இதைப் பார்த்து நீ மயங்கி விழுந்திருந்தால், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. மூன்று வருஷத்துக்கு முன், அப்பாவின் கருமாதி அன்று, கருப்பராயன் கோயிலில் சூடத்தைக் கையால் அணைத்து, ‘இனி என் தங்கச்சியோடு பேசமாட்டேன்’ என்று சத்தியம் செய்தவன் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அம்மிணி, பேசமாட்டேன் என்றுதானே சொன்னேன்? எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே. போன வாரம் தோப்பில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது இந்தச் சந்து என் கண்ணில் பட்டது. கருப்பராயன் குதிரை ஏறுகிற சாமி, அரிவாள் பிடிக்கிற சாமி. தபால் பிரித்துப் படிக்கிற சாமி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வாட்ஸப்பில் எழுதச் சொன்னாள் மௌனிகா. அதில் நீ படித்தவுடன் நீலக் கோடு விழுமாம். படித்துவிட்டும் பதில் போடவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தபாலில் அந்த மானக்கேடு இல்லை. பதில் வராவிட்டால் தபால்காரன் மேல் பழி போட்டுக்கொள்ளலாம்.

ஊர்ச் செய்தி ஒன்று. கொஞ்ச நாளாக நான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு திரிகிறேன். கண்ணோவு. தேங்காய்க் கடை குஞ்சு முகம்மது, “என்ன தனபாலு, படத்துல ஏதாச்சும் நடிக்கிறயா?” என்றான். “ஹீரோதான் கேட்டாங்க, தேங்கா போடற சீசன்னு உட்டுட்டேன்” என்றேன். மருதாத்தாள் மட்டும், “தோட்டத்துல மாடு மெரளுது, கழட்டுங்க” என்று திட்டுகிறாள்.

காரியத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை இருக்கிறார். பெயர் தாசில்தார். சாப்பாட்டு நேரத்துக்கு வருவார், யாரையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார், ஒரு வேலையும் செய்யாமல் எழுந்து போய்விடுவார். அதனால் மௌனிகா வைத்த பெயர். அப்பா இறந்த அன்று எங்கிருந்தோ வந்து அப்பாவின் கட்டிலுக்கு அடியில் படுத்தவர், பிறகு போகவேயில்லை. இப்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை. காதை மடக்கிப் பார்த்தேன். உள்பக்கம் பழுத்த மாம்பழத் தோல் மாதிரி இருக்கிறது.

காமாலைதானே என்று பச்சிலை பொங்கியண்ணனிடம் தூக்கிப் போனேன். மனிதனுக்குக் கொடுப்பதில் கால் பங்கு அரைத்துக் கொடுத்தான். பத்தியமும் சொன்னான்: உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, மீன் கருவாட்டு வாசம்கூட வீட்டில் வரக்கூடாது, வெறும் பால்சோறு. ஒரு ஜீவனை மட்டும் பட்டினி போட்டுவிட்டு நாம் கருவாடு தின்பது பாவமல்லவா? துணைக்கு நானும் பத்தியம் இருக்கிறேன். ஆனாலும் தாசில்தார் தேறவில்லை. அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ மாட்டுப் பண்ணை லேபில் நாள் முழுக்க லென்ஸில் சாணி பார்க்கிறவள். உனக்குத் தெரியாததா? எழுது.

பேசாத அண்ணன்,
தனபால்


மாட்டுப்பட்டி
17 ஜூன் 2025

அண்ணாவுக்குக் கமலாவின் வணக்கம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணிகள் காயமாட்டேன் என்கின்றன. அவருக்கு முட்டி வலி எப்போதும் போலத்தான். நீங்கள் மூவரும் நலமென்று படித்து நிம்மதி.

மயங்கி விழவில்லை. உட்கார்ந்துகொண்டேன். அவர்தான் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உங்கண்ணன் கையெழுத்து மாதிரியே யாரோ எழுதியிருக்கானே” என்றார்.

தாசில்தார் பல்லி தின்பாரா? இதற்கு மட்டுமாவது விளையாடாமல் பதில் எழுதுங்கள்.

பூனைக்குக் காமாலை வரப் பல காரணம் உண்டு. அதில் ஒன்று கல்லீரல் புழு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருவது வேறு ஜாதி. அது வேப்பிலை நீளம் இருக்கும். தண்ணீர் ஓரத்து நத்தையிலிருந்து புல்லுக்கு ஏறி, புல்லிலிருந்து மாட்டுக்குப் போகும். எங்கள் லேபில் தினமும் தேடுவது அதன் முட்டையைத்தான். பூனைப் புழு சின்னது, அரிசியைவிடச் சிறியது, தட்டையானது. அது பல்லி வழியாக வரும். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாயில் குடியேறும். கூட்டம் பெருகினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இறங்க வழியில்லாத பித்தம் ரத்தத்தில் கலந்து காதையும் கண்ணையும் மஞ்சளாக்கும்.

இனி பத்தியத்துக்கு வருகிறேன். மீனையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டு உப்பில்லாத பால்சோறு வைத்தால் ஒரு கடுவன் பூனை என்ன செய்யும் அண்ணா? சுவரைப் பார்க்கும். உங்கள் வீட்டுச் சுவரில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தாசில்தாருக்கு வைத்தியம் செய்யவில்லை. புழுவுக்கு விருந்து வைத்திருக்கிறீர்கள்.

உடனே மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே கெடாமல் வைக்கிற மருந்துத் தண்ணீர் வாங்கி, அவருடைய கழிவில் கொஞ்சம் அதில் போட்டு, மூடி இறுக்கி, இங்கே மூணாறுக்குத் தேங்காய் கொண்டுவரும் வண்டியில் கொடுத்து அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் எதற்குப் பத்தியம்? நாளையே கருவாடு சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
கமலா


கொழிஞ்சாம்பாறை
2 ஜூலை 2025

அம்மிணிக்கு,

நலம், நலமே விழைகிறேன். மாப்பிள்ளையின் முட்டிக்கு இங்கிருந்து தைலம் அனுப்பியிருக்கிறேன். அதைத் தேய்க்கச் சொல். தைலம் வந்த பையில் இன்னொரு பாட்டிலும் இருக்கும். அதைத் தேய்க்க வேண்டாம்.

நீ கேட்டது சரிதான். தின்கிறார். சாயங்காலம் பல்புக்குக் கீழே தாசில்தார் உட்கார்ந்ததை மறைந்திருந்து பார்த்தேன். என் எதிரில் பால்சோற்றை முகர்ந்து முகம் சுளித்த உத்தமர், சுவரில் ஒரு தாவு தாவினார். வால் மட்டும் தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. மீதியைக் காணோம்.

இந்த வீட்டில் பல்லிக்குப் பஞ்சமில்லை என்பது உனக்குத் தெரியும். பல்லி சொல்லாமல் உன் அண்ணி மாட்டுக்கு மூக்கணாங்கயிறுகூட மாற்றமாட்டாள். மௌனிகாவைக் காலேஜில் சேர்த்தது பல்லி கேட்டு. போர்வெல் போட்டது பல்லி கேட்டு. தண்ணீர் வரவில்லை என்பது வேறு. அதனால் இங்கே விளக்குமாறு ஒரு பல்லி மேலும் பட்டதில்லை. அப்பேர்ப்பட்ட ஜோசியர்களெல்லாம் தாசில்தார் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மருதாத்தாள் பூஜை அறையில் விழுந்து கும்பிட்டாள்.

மிருக ஆஸ்பத்திரியில் அன்னமேரி டாக்டர், “பூச்சைக்குப் பத்தியமா சேட்டா?” என்று பூனையைக் காட்டிச் சிரித்த சிரிப்பில், சினை பார்க்க வந்திருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. கழிவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில்தான் கிடைத்தது. மேலே ஒட்டிய சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன். குஞ்சு முகம்மதின் மகன் ஃபிரோஸ் வண்டியில் கொண்டுவருவான்.

உனக்கு உதவும் என்று மற்ற குறிகளையும் எழுதுகிறேன். எண்ணெய் காய்கிற வாசம் வந்தாலே தாசில்தாருக்குக் குமட்டுகிறது. மெதுவடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறம். வலப்பக்க விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு, முதுகில் கை எட்டாத இடத்தில்தான் அதிகம்.

பூனையிடமிருந்து இது மனிதனுக்குத் தொற்றுமா? மௌனிகா கேட்கச் சொன்னாள்.

அண்ணன்,
தனபால்


மாட்டுப்பட்டி
12 ஜூலை 2025

அண்ணாவுக்கு வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். தைலம் நன்றாகக் கேட்கிறதாம்.

பாட்டில் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அவர் அதைச் சாப்பாட்டு மேஜையில், தயிர்ச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். “மச்சான் மூணு வருஷம் கழிச்சு ஊறுகா குடுத்து உட்டிருக்கார், நீ வந்ததும் திறக்கலாம்னு வெச்சேன்” என்றார். நான் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் நம் குடும்பத்தில் அடுத்த சத்தியம் அவர் செய்திருப்பார்.

லேபில் பார்த்தேன். முட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால் புழு இல்லை என்று ஆகாது. குழாய் முழுக்க அடைபட்டிருந்தால் உள்ளே ஆயிரம் முட்டை இருந்தாலும் வெளியே வராது. ஒன்றும் வெளியே வரவில்லை என்பதே சில சமயம் கெட்ட குறி. அன்னமேரி டாக்டருக்கும் போனில் சொல்லிவிட்டேன். எடை பார்த்து மருந்து தொடங்குவார்.

மௌனிகாவிடம் சொல்லுங்கள், பூனையைத் தொட்டால் இது மனிதனுக்கு வராது. அந்தப் புழுவுக்குப் போகும் பாதை ஒன்றுதான். அந்தப் பாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மேல் சிலிர்க்கிறது. கேளுங்கள்.

பூனையிடமிருந்து விழுகிற முட்டை வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸில் தேன் நிறமாக இருக்கும், ஒரு முனையில் மூடி வைத்த செப்பு மாதிரி. உள்ளே ஓர் உயிர் தயாராகக் காத்திருக்கும். மண்ணில் மேய்கிற சின்ன நத்தை ஒன்று அதைத் தின்றால்தான் மூடி திறக்கும். நத்தைக்குள் ஒன்று பலவாகப் பெருகி வெளியே வரும். பூந்தொட்டிக்கு அடியில் ஈரத்தில் ஊர்கிற சாம்பல் நிறப் பூச்சி அதைத் தின்னும். பூச்சியைப் பல்லி தின்னும். பல்லி எப்போதும் போலச் சுவரில் சொல்லிக்கொண்டிருக்கும். பல்லியைப் பூனை தின்னும். அதன்பிறகுதான் அந்தத் துளி உயிர் விழித்துக்கொண்டு, கண் இல்லாமல், இருட்டில், குடலின் அத்தனை மடிப்புகளுக்கு நடுவில் பித்தம் வந்து விழுகிற ஒரு ஊசித் துவாரத்தைத் தேடிப் பிடித்து மேலே ஏறும். அதன் தாய் இருந்த இடம் அது. ஆனால் இது ஒருமுறைகூடப் பார்த்திராத இடம். யார் அண்ணா வழி சொன்னார்கள்?

போன வருஷம் மாட்டுப் புழுவின் முட்டைகளைத் தண்ணீரில் விட்டு, கறுப்புத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். சில வாரம் கழித்து எடுத்து லென்ஸின் விளக்கைப் போட்டேன். வெளிச்சம் பட்டது. சும்மா கிடந்த ஒரு முட்டைக்குள் ஏதோ புரண்டது. மூடி திறந்தது. உடம்பெல்லாம் ரோமம் துடிக்க ஒன்று வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நேராக நீந்திப் போனது. நத்தை கிடைக்காவிட்டால் அன்றைக்கே அதன் ஆயுசு முடிந்துவிடும். அது தெரிந்த மாதிரி அப்படி ஒரு அவசரம். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். சாணியிலிருந்து எடுத்தது அண்ணா, சாணியிலிருந்து.

தாசில்தாரைப் பல்லி இல்லாத இடத்தில் அடைத்து வையுங்கள்.

கமலா


மாட்டுப்பட்டி
14 ஜூலை 2025

அண்ணா,

முந்தாநாள் எழுதியதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். நலம் விசாரிக்கிற வரியை இந்தத் தடவை கடைசியில் வைத்திருக்கிறேன்.

பூனை மண்ணைத் தோண்டிப் போய்விட்டு மூடிவிடும். அது கட்டன்சாயா நிறம் என்று எப்படிப் பார்த்தீர்கள்? தாசில்தாருக்கு யார் மெதுவடை கொடுத்தது? பூனைக்கு முதுகில் எட்டாத இடம் ஏது? அதற்குக் கை ஏது?

அண்ணியைப் போனில் கூப்பிட்டேன். “அதையேன் கேக்கற அம்மிணி, பூனைக்குத் துணைன்னு பத்தியம் இருந்து உங்கண்ணன் வத்தலாப் போயிட்டாரு. கண்ணோவுன்னு ஊட்டுக்குள்ளயும் அந்தக் கண்ணாடியக் கழட்டறதில்ல” என்றார். என் சந்தேகத்தை அவரிடம் உடைக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கும் இதே பொங்கியண்ணன்தான். இதே பச்சிலை, இதே பால்சோறு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லச் சொல்ல, மஞ்சள் இறங்குகிறது என்றீர்கள். கருமாதி அன்று எல்லார் முன்னாலும் நான் ஒரு சொல் சொன்னேன். நீங்கள் சூடம் அணைத்தீர்கள். அந்தச் சொல்லை நான் இங்கே திருப்பி எழுதவில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்.

நீங்கள் நலமா?

கமலா


கொழிஞ்சாம்பாறை
10 ஆகஸ்ட் 2025

அம்மிணிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கடிதம் தாமதமானதற்குத் தபால்காரனைத் திட்டிக்கொள்.

தாசில்தார் காரியத்தை எழுதுகிறேன். கோழிக்குஞ்சு கவிழ்க்கிற கொடாப்புக்குள் அவரை அடைத்தோம். பதவி பறிபோன மாதிரி முதல் நாள் முழுக்கக் கத்தினார். அன்னமேரி டாக்டர் தந்த மாத்திரையைப் பொடித்து, மத்தி மீனுக்குள் ஒளித்து, மீனை அவர் தின்றுவிட்டுப் பொடியைத் துப்பி, மறுபடி வாயைப் பிளந்து ஊட்டி, என் முன்னங்கையில் அவர் கீறியதைப் பார்த்தால் இந்தியா மேப் மாதிரி இருக்கும். ஆனால் அம்மிணி, நேற்றுத் தானாக எழுந்து மீன் கேட்டார். காது மஞ்சள் வெளுத்திருக்கிறது. இன்னொரு பாட்டில் ஃபிரோஸிடம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை சீட்டைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நீ எழுதின பாதையைப் படித்துவிட்டு, கப்பலேறித் தேட வேண்டிய சமாச்சாரம் என்று நினைத்தேன். பின்கட்டில் துளசித் தொட்டியைச் சும்மா நகர்த்திப் பார்த்தேன். அடியில் மிளகு அளவில் நத்தைகள். பக்கத்திலேயே நீ சொன்ன சாம்பல் பூச்சிகள், தொட்டதும் கலைந்து ஓடின. தொட்டி விளிம்பில் ஒரு பல்லி அசையாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. கொடாப்புக்குள்ளிருந்து தாசில்தார் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தொட்டியை எத்தனை வருஷம் நகர்த்தித் தண்ணீர் ஊற்றியிருப்பேன். ஒரு உலகமே வரிசையில் நின்று ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருந்திருக்கிறது, எனக்குச் சொல்லாமல். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருதாத்தாள் வந்து கைகொடுத்துத் தூக்கினாள்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தி இன்றுதான் தொடர்கிறேன், அதனால் பேனா மாறியிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பல்லியைக் கேட்டேன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கேட்டேன். சொல்லவில்லை. ஆகவே ஒன்றுமில்லை.

அண்ணன்


மாட்டுப்பட்டி
17 ஆகஸ்ட் 2025

அண்ணாவுக்கு வணக்கம்.

இரண்டாவது பாட்டிலைப் பார்த்தேன். நிறைய முட்டை. தேன் நிறத்தில், மூடியோடு. அடைப்புத் திறந்துவிட்டது. இவ்வளவு நாள் உள்ளே தேங்கி நின்றதெல்லாம் வருகிறது. லேபில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். “என் அண்ணன் வீட்டுப் பூனை” என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தாசில்தார் பிழைத்துக்கொள்வார்.

உங்கள் வீட்டுப் பல்லி ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லக்கூடிய பல்லியையெல்லாம் தாசில்தார் தின்றுவிட்டார். இனி உங்களுக்குப் பல்லி இல்லை அண்ணா, நான்தான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தேங்காய் இறக்கிவிட்டுத் திரும்புகிற ஃபிரோஸ் வண்டியில், என் மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து குலுங்கினால் அது ரோடு. அண்ணியிடமும் மௌனிகாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன், பையெடுத்து வைக்கிறார்கள். மருதாத்தாள் அண்ணி போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “கண்ணாடிய நானே கழட்டறன் அம்மிணி” என்றார்.

நீங்கள் பேச வேண்டாம். வாசலில் வண்டி நிற்கும், ஏறி உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தியம் கெடாது.

கமலா


கோயமுத்தூர்
21 ஆகஸ்ட் 2025
(ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம்)

அம்மிணி, ஏதாவது பேசிக்கொண்டே இரு. நான் எழுதிப் பதில் சொல்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பிறவி ஊமை என்று நினைத்து ஆரஞ்சு கொடுத்தார். மறுக்கவில்லை.

டாக்டர் சொன்னது புரிந்தது. பித்தக் குழாயில் கல். புழு இல்லை, கல். தாசில்தாருக்கு எங்கே அடைத்ததோ அதே ஓடை. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பார்களாம். அந்தக் குழாய்க்கு யார் வழி சொல்வார்கள் என்று கேள்.

மருதாத்தாளை அழ வேண்டாம் என்று சொல். கண்ணாடியைக் கழற்றினபோது, “ஏனுங்க, எங்கிட்டயுமா?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

இதை யாருக்கும் காட்டாதே. பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கூப்பிடுகிறார்கள். நீ இங்கேயே இரு.


கொழிஞ்சாம்பாறை
14 செப்டம்பர் 2025

அம்மிணி கமலாத்தாளுக்கு,

அண்ணன் தனபால் எழுதுகிறேன். இந்த முறை சுகம் என்று எழுதினால் சுகம் என்றே பொருள். கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இவ்வளவு வெள்ளை என்று எனக்கே மறந்துவிட்டது. கூலிங் கிளாஸைக் குஞ்சு முகம்மதுவுக்குக் கொடுத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறான், யாரைப் பார்க்கிறான் என்று தெரியாமல் கடன் கேட்கிறவர்கள் குழம்புகிறார்கள். மாப்பிள்ளை உன்னை இத்தனை நாள் விட்டுக்கொடுத்து மாட்டுப்பட்டியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதற்கு, இந்த முறை நிஜமாகவே நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புகிறேன். நம்பித் திறக்கச் சொல்.

தாசில்தார் எடை போட்டுவிட்டார். அன்னமேரி டாக்டர் கடைசிப் பாட்டிலையும் பார்த்துவிட்டுப் புழு இல்லை என்றார். மத்தி மீனுக்குப் பழகியவர் சுவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பல்லிகள் திரும்பி வர ஆரம்பித்திருக்கின்றன. மருதாத்தாள் இன்னமும் கேட்கிறாள், ஆனால் அன்னமேரி டாக்டரையும் கேட்டுவிட்டு அப்புறம் பல்லியைக் கேட்கிறாள்.

எடுத்த கல்லை டாக்டர் மறுநாள் டிவியில் போட்டுக் காட்டினார். கடலைப் பருப்பு அளவு. இவ்வளவு பெரிய உடம்பு, இவ்வளவு வாய், இவ்வளவு வீம்பு, எல்லாம் ஒரு கடலைப் பருப்புக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறது. உள்ளே அந்த ஓடையையும் காட்டினார். கல் நகர்ந்ததும் பித்தம் பொன் நிறத்தில் இறங்கியது. நீ நாற்காலியை விட்டு எழுந்து நின்றதாக எழுதியிருந்தாயே. நான் படுத்திருந்தேன், இல்லாவிட்டால் நானும் நின்றிருப்பேன்.

இப்போது ஒரு சிக்கல். நேற்றுச் செக்கப்புக்குப் போனபோது சிஞ்சு சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அன்னிக்கு மயக்கம் தெளியும்போது தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு பேசினீங்க சேட்டா. எல்லாரும் கேட்டோம்” என்றாள். என்ன பேசினேன் என்று கேட்டால், “அது தங்கச்சிகிட்டக் கேளுங்க” என்று ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மயக்கத்தில் பேசினால் சத்தியம் முறிந்ததாகுமா என்று கருப்பராயன் கோயில் பூசாரியைக் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லையாம், யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

என்ன பேசினேன் அம்மிணி? எனக்கு ஒன்றும் நினைவில்லை. அது அந்தச் சொல்லைப் பற்றியா? அப்பாவைப் பற்றியா? ஒரு வரி எழுது.

அண்ணன்,
தனபால்


மாட்டுப்பட்டி
21 செப்டம்பர் 2025

அண்ணாவுக்குக் கமலாவின் வணக்கம்.

நீங்கள், அண்ணி, மௌனிகா, தாசில்தார் எல்லாரும் சுகமென்று அறிந்து மகிழ்ச்சி. ஊறுகாயை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு, பிறகுதான் தொட்டார்.

நீங்கள் பேசினதை எழுத முடியாது. ஊர் திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கருப்பராயன் கோயிலில் இறங்கினேன். சூடம் ஏற்றினேன். உள்ளங்கையால் அணைத்தேன், நன்றாகச் சுட்டது. ‘என் அண்ணன் சொன்னதை ஒருநாளும் எழுதமாட்டேன்’ என்று சத்தியம் செய்தேன்.

பேசமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். எடுங்கள்.

உங்கள் தங்கை,
கமலாத்தாள்